நிற்கும் மரத்தை நிறுப்பது எவ்வாறு?

முன்னுரை

நெல்லை மரக்காலால் அளக்கிறோம். பொன்னைத் தராசில் நிறுக்கிறோம். ஆனால் காட்டில் வேரூன்றி, கிளை பரப்பி, வான் நோக்கி நிற்கும் ஒரு மருத மரத்தின் எடை என்ன என்று எவரேனும் கேட்டால் என்ன விடை கூறுவது? அம்மரத்தை ஏற்றும் தராசு எங்கும் இல்லை. வெட்டி நிறுக்கலாம் எனின், எடை தெரிந்த நேரத்தில் மரம் இராது. இக்கேள்வி வேடிக்கையானது போலத் தோன்றினும், இன்று உலக நாடுகள் ஒன்றுக்கொன்று அளிக்கும் வாக்குறுதிகள் இதன் விடையைப் பொறுத்தே நிற்கின்றன. 2015ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கையை ஒட்டி, 2030ஆம் ஆண்டிற்குள் கூடுதலான காடு, மரப் பரப்பின் வாயிலாக 250 கோடி முதல் 300 கோடி டன் வரையிலான கார்பன் டை ஆக்சைடுக்கு ஈடான கார்பனைத் தேக்கி வைப்பதாக இந்தியா உறுதி கூறியுள்ளது. இத்தனை கோடி டன்னையும் எவரும் தராசில் வைத்துப் பார்க்கப் போவதில்லை. எங்கோ ஒரு காட்டில் ஒரு மனிதர் மரத்தைச் சுற்றிக் கட்டும் அளவுநாடாவிலிருந்தே அக்கணக்கு தொடங்குகிறது. அந்நாடாவிலிருந்து டன் கணக்கு எவ்வாறு பிறக்கிறது, அதில் எங்கெங்கே பிழை நுழைகிறது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உயிர்த்திரள் என்பது யாது?

ஒரு குறிப்பிட்ட இடத்தில் உள்ள உயிர்ப் பொருள்களின் மொத்த நிறையை உயிர்த்திரள் என்கிறோம். மரத்தைப் பொறுத்தவரை நிலத்திற்கு மேலே உள்ள அடிமரம், பட்டை, கிளை, சிறு கொம்பு, இலை, பூ, காய் ஆகிய அனைத்தும் சேர்ந்தது நிலமேல் உயிர்த்திரள் ஆகும். வேர்கள் இதில் சேரா. வேரைத் தோண்டி எடுத்து மண் நீக்கி நிறுப்பது மிகக் கடினமான வேலை. ஆகவே பெரும்பாலான வெப்பமண்டலக் காடுகளில் நிலமேல் நிறையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை வேருக்கு எனக் கொள்வது வழக்கம்.

இங்கே ‘நிறை’ என்பது உலர்ந்த நிறையையே குறிக்கும். பச்சை மரத்தில் நீர் மிகுதி. மழைக்காலத்தில் ஓர் அளவும் கோடையில் வேறோர் அளவும் நீர் இருக்குமாதலால், பச்சை எடையை வைத்து இரு மரங்களை ஒப்பிட இயலாது. நீரை நீக்கிய பின் எஞ்சும் பொருளே மரம் ஒளிச்சேர்க்கையால் ஈட்டிய உண்மையான செல்வம். அவ்வுலர் நிறையில் ஏறத்தாழப் பாதி கார்பன். கணக்கிடுவோர் பொதுவாக 0.47 என்னும் பின்னத்தைக் கையாள்கின்றனர். காற்றிலிருந்த கார்பன் மரத்தில் எவ்வளவு அடங்கியுள்ளது என்பதை இதைக் கொண்டே அறிகிறோம்.

அகன்ற இலை மரங்களின் தனிச்சிக்கல்

குளிர்நாட்டுப் பைன் போன்ற ஊசியிலை மரங்கள் பெரும்பாலும் ஒரே நேரான தண்டுடன் மேலே செல்லச் செல்லச் சீராக ஒடுங்குகின்றன. ஒரு கூம்பின் கன அளவைக் காணும் கணிதமே அங்கு ஓரளவு போதுமானது. நம் நாட்டு அகன்ற இலை மரங்களோ அவ்வாறல்ல. ஆள் உயரத்திலேயே கவைத்துப் பிரிவன உண்டு. குடை போலப் படர்வன உண்டு. அடியில் பலகை போன்ற வேர்கள் புடைத்து நிற்பன உண்டு. உள்ளே பொந்து விழுந்து வெளியே முழுமை போலத் தோன்றுவனவும் உண்டு. ஒரே வயதும் ஒரே இனமும் உடைய இரு மரங்கள்கூட உருவத்தால் வேறுபடுகின்றன.

மேலும் வனத்துறையினர் பழங்காலம் முதல் பயன்படுத்தி வந்த கன அளவு அட்டவணைகள் தடிமரத்தைக் கணிக்கவே ஏற்பட்டவை. வண்டியில் ஏற்றி விற்கத் தகுந்த பகுதி எவ்வளவு என்பதே அன்றைய கேள்வி. கொம்பும் இலையும் அக்கணக்கில் வருவதில்லை. அகன்ற இலை மரத்திலோ கிளைகளின் பங்கு புறக்கணிக்கத் தக்கதன்று. எனவே மரம் முழுவதையும் கணக்கில் கொள்ளும் வேறு வழி தேவைப்பட்டது.

வெட்டி நிறுத்தல்

அவ்வழியின் முதற்படி மரத்தை வெட்டுவதே. வெவ்வேறு பருமனுள்ள சில மரங்களைத் தேர்ந்து, முதலில் நிற்கும் நிலையிலேயே அவற்றின் விட்டத்தையும் உயரத்தையும் குறித்துக்கொள்வர். பின்னர் அவற்றை வெட்டி, அடிமரம், பெருங்கிளை, சிறு கொம்பு, இலை எனப் பிரித்து ஒவ்வொன்றையும் தொங்கு தராசில் பச்சையாகவே நிறுப்பர். மரம் முழுவதையும் உலர்த்தும் அடுப்பு கிடையாதாகையால், ஒவ்வொரு பகுதியிலிருந்தும் சிறு மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டுவருவர். மரத்துண்டை 105 டிகிரி செல்சியசு வெப்பத்தில், எடை மேலும் குறையாத நிலை வரும்வரை உலர்த்துவர்.

எடுத்துக்காட்டாக, ஓர் அடிமரத்தின் பச்சை எடை 800 கிலோ எனக் கொள்வோம். அதிலிருந்து எடுத்த 500 கிராம் மாதிரி உலர்ந்தபின் 290 கிராம் இருக்குமாயின், உலர் விகிதம் 0.58. அடிமரத்தின் உலர் நிறை 464 கிலோ. இவ்வாறே ஏனைய பகுதிகளுக்கும் கண்டு கூட்டினால் முழு மரத்தின் நிறை கிடைக்கும்.

இம்முறை மிகத் துல்லியமானது. ஆயினும் மிகக் கொடியது. ஒரு பெருமரத்தை வெட்டி நிறுக்கப் பலர் பல நாட்கள் உழைக்க வேண்டும். அதனினும் பெரிய தடை, எந்தக் காட்டைக் காக்க விரும்புகிறோமோ அந்தக் காட்டையே வெட்ட வேண்டியிருத்தல். ஒரு காட்டை அறிவதற்காக அதனை அழிப்பது அறிவுடைமை ஆகாதன்றோ? ஆகவே சில மரங்களை வெட்டிக் கற்ற பாடத்தைக் கொண்டு, வெட்டாத பல மரங்களின் நிறையைக் கணிக்கும் முறை பிறந்தது.

ஒத்த வளர்ச்சி என்னும் விதி

இம்முறைக்கு அடிப்படை ‘அலோமெட்ரி’ எனப்படும். ஓர் உயிரின் ஓர் உறுப்பின் அளவிற்கும் அதன் முழு உடலின் அளவிற்கும் உள்ள நிலையான தொடர்பை இச்சொல் குறிக்கிறது. பிடில் நண்டின் ஆணுக்கு ஒரு கொடுக்கு மட்டும் மிகப் பெரிதாக வளரும். அக்கொடுக்கு உடலைவிட விரைவாக, ஆனால் ஓர் ஒழுங்குடன் வளர்வதை ஜூலியன் ஹக்ஸ்லி 1924இல் கணித முறையில் காட்டினார். 1936இல் அவரும் ஜார்ஜ் தெய்சியேயும் சேர்ந்து இத்தொடர்பிற்கு அலோமெட்ரி எனப் பெயரிட்டனர். 1944இல் ஜோசப் கிட்ரெட்ஜ் என்பார் இதே விதியை மரத்திற்குப் பொருத்தி, அடிமரத்தின் விட்டத்தைக் கொண்டு இலைகளின் எடையைக் கணித்தார். நண்டின் கொடுக்கில் கண்ட விதி காட்டு மரத்திற்கும் பொருந்தியது அறிவியலின் ஒருமைப்பாட்டுக்கு நல்ல சான்றாகும்.

மரத்தின் விட்டத்தை ஓர் அச்சிலும் நிறையை மற்றோர் அச்சிலும் குறித்து வரைந்தால், கிடைக்கும் கோடு மேல்நோக்கி விரைந்து வளையும். அதே அளவுகளின் மடக்கைகளை எடுத்து வரைந்தால் அது ஏறத்தாழ ஒரு நேர்கோடாகிவிடும். பல காடுகளில் இந்நேர்கோட்டின் சாய்வு 2.5க்கு அருகில் அமைகிறது. அதாவது விட்டம் இரு மடங்கானால் நிறை இரு மடங்காவதில்லை. ஐந்தரை மடங்குக்கு மேலாகிறது. தண்டின் குறுக்குப் பரப்பு விட்டத்தின் இருமடியாகப் பெருகுகிறது; அத்துடன் உயரமும் ஓரளவு கூடுகிறது. இவ்விரண்டும் சேர்ந்தே இவ்விளைவைத் தருகின்றன.

மடக்கையிலிருந்து மீண்டும் கிலோவுக்குத் திரும்பும்போது ஒரு சிறு எச்சரிக்கை தேவை. மடக்கைகளின் சராசரி, உண்மை அளவுகளின் சராசரியைவிடக் குறைந்த விடையையே தரும். இக்குறையைத் திருத்தாமல் விட்டால் காடு முழுவதும் சற்று இளைத்ததாகத் தோன்றும் என்பதை 1972இல் பாஸ்கர்வில் எடுத்துக்காட்டினார். அன்று முதல் இத்திருத்தத்தைச் சேர்ப்பது மரபாயிற்று.

மூன்று அளவுகள்

இன்று வெப்பமண்டலக் காடுகளுக்குப் பரவலாகப் பயன்படுவது, பிரெஞ்சு ஆய்வாளர் ஜெரோம் ஷாவ் தலைமையிலான குழுவினர் 2014இல் வெளியிட்ட சமன்பாடு ஆகும். 58 இடங்களில் வெட்டி நிறுக்கப்பட்ட 4,004 மரங்களின் விவரங்களைத் தொகுத்து அவர்கள் இதனைக் கண்டனர். தமிழ் எழுத்துகளில் இதனைப் பின்வருமாறு எழுதலாம்.

நி = 0.0673 × (அ × வி × வி × உ) என்பதன் 0.976ஆம் அடுக்கு

இதில் ‘நி’ என்பது கிலோகிராமில் உலர் நிறை. ‘அ’ என்பது கன சென்டிமீட்டருக்குக் கிராமில் மர அடர்த்தி. ‘வி’ என்பது சென்டிமீட்டரில் விட்டம். ‘உ’ என்பது மீட்டரில் உயரம். ஆக மூன்று அளவுகள் இருந்தால் போதும். ஒவ்வொன்றையும் எவ்வாறு பெறுவது எனக் காண்போம்.

முதலாவது, விட்டம். நிலத்திலிருந்து மார்பு உயரத்தில் அளப்பதால் இது மார்பளவு விட்டம் எனப்படும். பன்னாட்டு ஆய்வுகளில் இவ்வுயரம் 1.30 மீட்டர், இந்திய வனத்துறை மரபில் நான்கரை அடி, அதாவது 1.37 மீட்டர். நாடாவால் சுற்றளவை அளந்து 3.1416ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும். சரிவான இடமாயின் மேட்டுப் பக்கத்தில் நின்று அளக்க வேண்டும். அவ்வுயரத்தில் முடிச்சோ புடைப்போ இருந்தால் அதற்குச் சற்று மேலே அளந்து, அளந்த உயரத்தையும் குறித்து வைக்க வேண்டும். பலகைவேர் உள்ள மரமாயின் வேர் முடிந்து தண்டு உருண்டையாகும் இடத்திற்கு மேலே அளத்தல் வேண்டும். கொடி சுற்றியிருந்தால் நாடாவை அதன் அடியில் நுழைத்துக் கட்ட வேண்டும்.

இரண்டாவது, உயரம். சாய்வுமானி இல்லாதவர்களும் 45 டிகிரி மூலைமட்டத்தைக் கொண்டு இதனைக் காணலாம். மூலைமட்டத்தின் ஓரத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்து, மரத்தின் உச்சி அதன் சாய்ந்த விளிம்பில் தோன்றும்வரை பின்னோக்கி நடக்க வேண்டும். அவ்விடத்திற்கும் மரத்திற்கும் உள்ள தொலைவோடு நமது கண் உயரத்தைக் கூட்டினால் மரத்தின் உயரம் கிடைக்கும். 13.5 மீட்டர் தொலைவும் 1.5 மீட்டர் கண் உயரமும் ஆயின் மரம் 15 மீட்டர். ஆனால் அகன்ற இலை மரங்களின் தலை உருண்டையானது. நம் பக்கம் நீட்டியுள்ள கிளையை உச்சி என மயங்கினால், இல்லாத உயரத்தை மரத்திற்கு ஏற்றிவிடுவோம்.

மூன்றாவது, மர அடர்த்தி. பச்சையாக இருந்தபோதுள்ள கன அளவால் உலர் நிறையை வகுத்தால் இது கிடைக்கும். சிறு துண்டை நீரில் அமிழ்த்தி, இடம்பெயரும் நீரைக் கொண்டு கன அளவைக் காணலாம்; ஆர்க்கிமிடீசின் விதி இங்கும் துணை செய்கிறது. பொதுவாக ஒவ்வோர் இனத்திற்கும் முன்னரே கண்டறிந்த அட்டவணைகளிலிருந்து இதனை எடுத்துக்கொள்வர். ஆகவே மரத்தின் பெயரைச் சரியாக அறிந்திருக்க வேண்டும். தாவரவியல் மாணவர் வகுப்பில் மனனம் செய்யும் இனப் பெயர் வெறும் பெயரன்று. அதனுள் ஓர் எண் ஒளிந்திருக்கிறது.

ஒரு கணக்கு

சுற்றளவு 94 சென்டிமீட்டர் உள்ள ஒரு மரத்தை எடுத்துக்கொள்வோம். விட்டம் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர். உயரம் 15 மீட்டர், அடர்த்தி 0.60. அடைப்புக்குள் உள்ளவற்றைப் பெருக்கினால் 8,100. இதன் 0.976ஆம் அடுக்கு ஏறத்தாழ 6,526. இதனை 0.0673ஆல் பெருக்க, 439 கிலோ கிடைக்கிறது. இதில் கார்பன் 206 கிலோ. ஒரு பங்கு கார்பன் 44/12 பங்கு கார்பன் டை ஆக்சைடுக்கு ஈடாகுமாதலால், அம்மரம் காற்றிலிருந்து எடுத்து அடக்கி வைத்திருப்பது ஏறத்தாழ 757 கிலோ கார்பன் டை ஆக்சைடு ஆகும்.

இதே விட்டமும் உயரமும் உடைய மரம் இலவமாக இருந்தால்? அதன் அடர்த்தி 0.33 எனக் கொண்டால் நிறை 245 கிலோவே. வெக்காலியாக இருந்து அடர்த்தி 0.78 எனக் கொண்டாலோ 567 கிலோ. தோற்றத்தில் ஒன்றாக நிற்கும் இரு மரங்களுள் ஒன்று மற்றதைப்போல் இரு மடங்குக்கு மேல் கனமானது. இனம் அறியாது அளந்தவரின் கணக்கு இங்கேயே தடம் புரண்டுவிடும்.

முதுமலையிலிருந்து ஒரு பாடம்

நீலகிரி மாவட்டத்தின் முதுமலைக் காட்டில், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ராமன் சுகுமார் குழுவினர் 1988இல் 50 ஹெக்டேர் பரப்புள்ள நிலையான ஆய்வுநிலம் ஒன்றை அமைத்தனர். 1,000 மீட்டர் நீளமும் 500 மீட்டர் அகலமும் உடைய அந்நிலத்தில், ஒரு சென்டிமீட்டருக்கு மேல் விட்டமுள்ள ஒவ்வொரு மரஞ்செடிக்கும் எண் பொறித்த தகடு கட்டி, இனம் கண்டு, அளந்து, வரைபடத்தில் இடம் குறித்தனர். முதற் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 26,000 தண்டுகள், எழுபதுக்குச் சற்று மேற்பட்ட இனங்கள் இருந்தன. கருமருது, வெக்காலி, வெண்தேக்கு, தேக்கு ஆகியவை அங்குள்ள பெருமரங்கள். ஆண்டுதோறும் இறந்தவற்றையும் புதிதாகத் தோன்றியவற்றையும் குறிப்பதும், நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பருமனை அளப்பதும் அங்கு நடைமுறையாயிற்று.

அக்காட்டில் நெருப்பு, வறட்சி, யானை ஆகிய மூன்றும் மரங்களின் வாழ்வை முடிவு செய்கின்றன. தரையில் ஓடும் தீயில் மெலிந்த தண்டுகளே மிகுதியாக மடிகின்றன. யானை சில இனங்களைத் தேடி முறித்துத் தின்கிறது. இதனால் தண்டுகளின் எண்ணிக்கை சில ஆண்டுகளில் வெகுவாகக் குறையலாம். ஆயினும் மடிந்தவை சிறியன ஆதலின், உயிர்த்திரள் அதே வீதத்தில் குறைவதில்லை. மாறாக ஒரு சில பெருமரங்கள் வீழ்ந்தால் எண்ணிக்கையில் மாற்றமே தெரியாது. உயிர்த்திரளில் பெரும் பள்ளம் விழும். காட்டை ‘எத்தனை மரம்’ என்று எண்ணுவதற்கும் ‘எவ்வளவு மரம்’ என்று அளப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

உலகெங்கும் இத்தகைய 48 ஆய்வுநிலங்களின் விவரங்களை ஒருங்கே ஆராய்ந்து 2018இல் வெளியான முடிவு இதனை உறுதி செய்கிறது. தண்டுகளுள் மிகப் பெரிய நூற்றில் ஒரு பங்கே நிலமேல் உயிர்த்திரளில் ஏறத்தாழப் பாதியைத் தாங்கி நிற்கிறது என்பதே அம்முடிவு.

புலிகள் காப்பகமாகிய முதுமலையில் ஆய்வுக்கென்று மரங்களை வெட்டிச் சாய்க்க இயலாது. ஆகவே வேறிடங்களில் வெட்டிக் கண்ட சமன்பாடுகளையே அங்கும் கையாள வேண்டியுள்ளது. யானை முறித்த உச்சியையும் தீ குடைந்த பொந்தையும் சமன்பாடு அறியாது. அவற்றைக் கண்ணால் கண்டு குறித்து வைப்பது அளப்பவரின் கடமை.

பிழைகள் இருவகை

ஷாவ் குழுவினரின் சமன்பாடே ஆயினும், தனி ஒரு மரத்திற்குப் பயன்படுத்தினால் உண்மை நிறையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக்கூட விலகக்கூடும். இதைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. ஒரு மரத்தில் கூடுதலாகவும் மற்றொன்றில் குறைவாகவும் வரும் இப்பிழைகள், நூற்றுக்கணக்கான மரங்களைக் கூட்டும்போது பெருமளவு ஒன்றையொன்று ஈடு செய்துகொள்ளும். இது முதல் வகைப் பிழை.

இரண்டாம் வகைப் பிழை ஒரே திசையில் மட்டும் சாய்வது. கூட்டக் கூட்ட வளர்வது. நாடாவைச் சுருங்காமலும் தொங்காமலும் பிடிக்காது, ஒவ்வொரு மரத்திலும் 5 விழுக்காடு கூடுதலாக அளந்தால், விட்டம் இருமுறை பெருக்கப்படுவதால் நிறை 10 விழுக்காடு கூடிவிடும். நமது 439 கிலோ மரம் 483 கிலோ ஆகிவிடும். ஆயிரம் மரங்களை அளந்தாலும் இப்பிழை கரையாது. பலகைவேர் உள்ள பெருமரத்தில் இது இன்னும் கொடியது. வேருக்கு மேலே 80 சென்டிமீட்டர் விட்டமுள்ள மரத்தை மார்பு உயரத்திலேயே அளந்து 110 சென்டிமீட்டர் எனக் குறித்தால், உயரம் 25 மீட்டர், அடர்த்தி 0.65 எனக் கொள்ளும்போது 5,300 கிலோ இருக்க வேண்டிய மரம் ஏறத்தாழ 9,900 கிலோவாகக் கணக்கில் ஏறிவிடும். இல்லாத நாலரை டன் மரம் தாளில் மட்டும் வளர்ந்து நிற்கும்.

மாதிரிப் பரப்பைத் தேர்வதிலும் இதே அபாயம் உண்டு. காட்டிற்குள் செல்பவர் மனம் இயல்பாகவே ஓங்கிய மரங்கள் நிறைந்த அழகிய இடத்தை நாடும். அங்கே கயிறு கட்டி அளந்து, அதுவே காடு முழுமைக்கும் சான்று எனக் கொண்டால் விடை மிகையாகவே வரும். சீட்டுக் குலுக்கி இடம் தேர்வது புள்ளியியல் துறையினர் நமக்குக் கற்பித்த நேர்மை.

இன்று விண்ணிலிருந்து காட்டை அளக்கும் கருவிகளும் வந்துவிட்டன. 2018 டிசம்பரில் அமெரிக்கா பன்னாட்டு விண்வெளி நிலையத்திற்கு லேசர் கருவி ஒன்றை அனுப்பியது. 2025 ஏப்ரலில் ஐரோப்பிய விண்வெளி முகமை இதற்கெனவே ஒரு ரேடார் செயற்கைக்கோளை ஏவியது. ஆனால் விண்ணில் உள்ள கருவி கிலோவை அறியாது. திரும்பி வரும் அலையை மட்டுமே அறியும். அவ்வலைக்குக் கிலோவைக் கற்றுக்கொடுப்பது தரையில் நாடா பிடித்து அளந்த மாதிரிப் பரப்புகளே. தரையில் நேர்ந்த சாய்வு விண்வரை செல்லும்.

ஒன்றுக்குப் பத்து ஈடாகுமா?

சாலையை அகலப்படுத்தும்போதும் கட்டடம் எழுப்பும்போதும் ‘ஒரு மரத்தை வெட்டினால் பத்துக் கன்றுகள் நடுவோம்’ என்னும் உறுதிமொழியை நாம் அடிக்கடி கேட்கிறோம். கன்று நடுதல் நற்செயலே. ஆயினும் மேற்கண்ட சமன்பாட்டைக் கொண்டு இவ்வுறுதிமொழியைச் சற்று நிறுத்துப் பார்ப்போம்.

80 சென்டிமீட்டர் விட்டமும் 25 மீட்டர் உயரமும் 0.65 அடர்த்தியும் கொண்ட மரத்தின் நிறை 5,300 கிலோ எனக் கண்டோம். அதே அடர்த்தியுடன், நட்டுப் பிழைத்து 5 சென்டிமீட்டர் விட்டமும் 5 மீட்டர் உயரமும் எய்திய ஓர் இளமரத்தின் நிறை 5 கிலோவுக்கும் சற்றுக் குறைவு. பத்தும் சேர்ந்து 49 கிலோ. வெட்டிய மரத்தில் இது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. வெட்டியதற்கு அன்றே ஈடு செய்ய வேண்டுமாயின் இத்தகைய இளமரங்கள் ஆயிரத்துக்கு மேல் வேண்டும். பத்தே போதும் எனின், அப்பத்தும் ஒன்றுகூடச் சாகாமல் 31 சென்டிமீட்டர் விட்டமும் 16 மீட்டர் உயரமும் எய்தும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். அதுவரை ஆடு மேயாமலும், நீர் வற்றாமலும், அடுத்த சாலைப் பணி வராமலும் இருக்க வேண்டும்.

நிழல், பறவைக் கூடு, மண்ணின் ஈரம் ஆகியவற்றை இக்கணக்கில் நாம் சேர்க்கவே இல்லை. வெறும் எடை ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தாலே, பெருமரத்தைக் காப்பதும் கன்று நடுவதும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல என்பது தெளிவாகிறது. ஈடு என்பதை எண்ணிக்கையால் கூறுவோரிடம் எடையால் கூறுங்கள் என்று கேட்கும் உரிமையை இச்சிறு சமன்பாடு நமக்கு அளிக்கிறது.

முடிவுரை

நிற்கும் மரத்தை நிறுக்கும் தராசு இல்லை. ஆனால் நாடா, மூலைமட்டம், இனப் பெயர், மடக்கை அட்டவணை ஆகிய நான்கும் சேர்ந்தால் அத்தராசு உருவாகிவிடுகிறது. இவற்றுள் விலையுயர்ந்தது எதுவும் இல்லை. நம் கல்லூரி வளாகத்து வேம்பையும் புங்கத்தையும் தூங்குமூஞ்சியையும் இம்முறையில் அளந்து பார்க்கலாம். வெட்டவெளியில் தனித்து நிற்கும் மரங்கள் காட்டு மரங்களைவிடக் குட்டையாகவும் கிளை மிகுந்தும் வளர்வதால், காட்டுச் சமன்பாடு அவற்றிற்கு முழுவதும் பொருந்தாது என்பதை மட்டும் நினைவிற்கொள்ள வேண்டும். மரங்கள் அடர்ந்த பகுதியில் 20 மீட்டர் சதுரம் ஒன்றைக் கயிற்றால் வகுத்து, அதிலுள்ள மரங்களின் நிறையைக் கூட்டி 25ஆல் பெருக்கினால், ஒரு ஹெக்டேருக்கு எவ்வளவு என்பதும் கிடைத்துவிடும்.

தாவரவியல் மாணவர் இனம் காண, கணித மாணவர் கணக்கிட, புள்ளியியல் மாணவர் இடம் தேர, இயற்பியல் மாணவர் உயரம் அளக்க, எல்லாத் துறையினரும் ஒரு மரத்தடியில் கூடும் பணி இது. ஆண்டுக்கொருமுறை அதே மரங்களை அதே உயரத்தில் அளந்து பதிவேட்டில் எழுதி வைத்தால், பின்வரும் மாணவர்களுக்கு அப்பதிவேடு விலைமதிப்பற்ற சொத்தாகும். நாளை ஏதேனும் ஒரு மரத்திற்குக் கோடரி ஓங்கப்படுமாயின், ‘மரம் வேண்டும்’ என்று சொல்வதோடு நில்லாமல், அம்மரம் எத்தனை கிலோ, அதற்கு எது ஈடு என்பதையும் எடுத்துரைக்க நம்மால் இயலும்.